ஐம்பது கோழிகளும் அரசாங்கமும்

குடியானவன் ஒருவன் தன் முற்றத்துக் கோழி இட்ட முட்டையை அயல் வீட்டாருக்கு விற்பதில் அரசாங்கத்துக்கு என்ன அலுவல் என்று நேயர்கள் வினவலாம். பிரித்தானியரின் அண்மைக்கால வரலாறு இவ்வினாவுக்குக் காலத்துக்கொரு விடை தருகின்றது.

1939ஆம் ஆண்டிலே போர் மூண்டது. அக்காலத்திற் பிரித்தானியாவின் கோழித் தீனிற் பெரும்பகுதி கடல் கடந்தே வந்தது. கப்பல்கள் மூழ்கடிக்கப்படத் தீன் அருகிற்று, பண்ணைகள் சுருங்கின, முட்டை அரும்பொருளாயிற்று. ஆகவே 1941ஆம் ஆண்டு யூன் மாதத்தில் உணவமைச்சு முட்டை வணிகத்தைத் தன் கட்டுப்பாட்டிற் கொண்டுவந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட கோழிகளை வளர்த்தோர் தம் முட்டைகளைப் பொதியிடும் நிலையங்களுக்கே கொடுத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. ஆளுக்கு வாரம் ஒரு முட்டை என்பதே பங்கீட்டின் இலக்கு. அதுவும் எப்பொழுதும் கிடைத்ததில்லை. 1942ஆம் ஆண்டு தொடக்கம் அமெரிக்க முட்டைத் தூள் அக்குறையை ஓரளவு தீர்த்தது.

ஐம்பது கோழிகளுக்கு மேற்படாதோர் இவ்விதிக்குப் புறம்பாக விடப்பட்டனர். கொல்லைப்புறந்தோறும் பரிசோதகரை அனுப்புதல் எந்த அரசாங்கத்துக்கும் இயலாத காரியமன்றோ! தங்கள் பங்கீட்டு முட்டையை விட்டுக்கொடுத்த குடும்பங்களுக்கு அதற்கீடாகக் கோழித் தீன் வழங்கப்பட்டது. அதனைச் சமையலறைக் கழிவோடு கலந்து ஊட்டி, தமக்கு வேண்டிய முட்டையைத் தாமே பெற்றோர் பலர்.

1953ஆம் ஆண்டிற் கட்டுப்பாடு நீங்கியது. எனினும் விலை வீழ்ச்சி பற்றிய அச்சம் நீங்கவில்லை. 1957இற் பிரித்தானிய முட்டைச் சந்தைப்படுத்தற் சபை தொழிலைத் தொடங்கியது. நிலையங்களுக்கூடாகச் சென்ற முட்டை சிறிய சிங்க முத்திரையையும், அரசாங்கத்தின் விலையாதரவையும் பெற்றது. பண்ணை வாயிலில் நேரே விற்பதற்குத் தடையில்லை. ஆனால் ஆதரவும் இல்லை. முத்திரை இல்லாத முட்டையே புதியது என நம்பிய இல்லத்தரசியர் பலராதலின், நேர் விற்பனை செழித்தது. 1971ஆம் ஆண்டிற் சபை கலைக்கப்பட்டது.

பின்னர் எழுந்த கேள்வி உடல்நலம் பற்றியது. 1988 டிசம்பரில், நாட்டின் முட்டை உற்பத்தியிற் பெரும்பகுதி சல்மொனெல்லாக் கிருமியால் மாசுற்றது என்று துணையமைச்சர் ஒருவர் கூற, விற்பனை சரிந்தது. அவரும் பதவி துறந்தார். 1998இல் சிங்க முத்திரை புத்துயிர் பெற்றது. ஆனால் இம்முறை அது கோழிகளுக்குத் தடுப்பூசி இடப்பட்டமைக்குச் சான்றாயிற்று. பறவைக் காய்ச்சலின் காரணமாக, 2024 ஒக்டோபர் 1ஆம் திகதி தொடக்கம் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஒரேயொரு கோழியை வளர்ப்போரும் பதிவு செய்தல் வேண்டும் என்றாயிற்று.

முதலிற் பஞ்சம், பின்பு விலை, இறுதியில் நோய் எனச் சட்டத்தின் நோக்கம் மாறி வந்தது. ஆயினும் ஐம்பது என்னும் எல்லை முற்றாக மறையவில்லை. அவ்வெண்ணுக்கு மேற்படாத கோழிகளை வளர்ப்போர் உள்ளூர்ச் சந்தையிலே தம் முட்டையை முத்திரையின்றி விற்கலாம். பெயரையும் முகவரியையும் அங்கே காட்டுதல் வேண்டும். உண்பவரைக் காக்கவேண்டிய சட்டம் சிறு விவசாயியை நசுக்காது நடப்பதற்கு இஃதொரு வழி. விற்பவன் யாரென்று வாங்குபவர் அறிந்திருக்கும் இடத்தில், அவன் பெயரே முத்திரையாகின்றது.