தலைப்பக்கம் இல்லாத மேசை

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தின் வூஸ்டர் பகுதியில் லயமன் என்றொரு குரு வாழ்ந்தார். ஆர்தர் மன்னனின் கதையை மக்கள் மொழியில் நெடும்பாட்டாக எழுதியவர் அவர். அதில் ஒரு கிறிஸ்து பிறப்பு விருந்து வருகிறது. யார் எவருக்கு மேலே அமர்வது என்று வீரரிடையே பூசல் மூள்கிறது. முதலில் அப்பங்கள் பறக்கின்றன. பின்பு திராட்சை இரசம் நிறைந்த வெள்ளிக் கிண்ணங்கள். அதன்பின் கைகலப்பு, கொலை. செய்தி கேள்வியுற்ற ஒரு தச்சர் கார்ன்வாலில் மன்னனைக் கண்டு, 1,600 பேருக்கு மேல் சூழ்ந்தமரத்தக்க மேசையொன்றைச் செய்து தருவதாகச் சொல்கிறார். மன்னன் செல்லுமிடமெல்லாம் அதை உடன் கொண்டுபோகலாமாம்! நான்கு வாரங்களில் வேலை முடிகிறது.

வட்ட மேசையை முதன்முதல் ஏட்டில் குறித்தவர் வாஸ் என்னும் கவிஞர், ஆண்டு 1155. ஆர்தர் அதைச் செய்வித்தான் என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார். உளி பிடித்த கையை நினைத்துப் பார்த்தவர் லயமன். அவருக்கும் அந்தத் தச்சரின் பெயர் தெரியவில்லை.

அதே காலத்தை ஒட்டி இராபர்ட் தெ போரோன் என்ற பிரெஞ்சுக் கவிஞர் இக்கதையை இறுதி இராவுணவோடு இணைத்தார். ஆண்டவரின் பந்தி, அரிமத்தியா ஊர் யோசேப்பின் பந்தி, மூன்றாவதாக வட்ட மேசை. யூதாசின் நினைவாக அதில் ஓர் இருக்கை வெறுமையாய் விடப்பட்டது என்பது அவர் கற்பனை. தம்முள் பெரியவர் யார் என்ற வாக்குவாதம் அந்த இராவுணவிலேயே எழுந்ததை லூக்கா நற்செய்தியில் படித்திருக்கிறோம் அல்லவா?

கதை கிடக்கட்டும். வட்டமாக மேசை செய்வது எளிதன்று. மரம் நேராக வளர்வது. பொதுவாக மரங்கள் பதினெட்டு அடி அகலப் பலகையைத் தருவதில்லை. ஆகவே பல பலகைகளை ஒட்டி அடுக்கி, நடுவில் முளையடித்துக் கயிறு கட்டி வட்டம் வரைந்து அறுக்க வேண்டும். அதோடு தொல்லை தீர்வதில்லை. பலகை ஈரங்கண்டால் விரியும், வறண்டால் சுருங்கும். அதுவும் அகலவாக்கில்தான், நீளவாக்கில் மாற்றம் மிகச் சிறிது. சதுர மேசை சற்றுக் குறுகினால் கண்ணுக்குத் தெரியாது. வட்டமோ ஆண்டுகள் செல்லச் செல்ல முட்டை வடிவை நாடும். எல்லாரையும் சமமாக அமர்த்துவதற்காகச் செய்யப்பட்ட வடிவத்தை மரமே ஏற்க மறுப்பது போலத் தோன்றுகிறது.

ஆயினும் செய்தவர்கள் உண்டு. வின்செஸ்டர் கோட்டையின் பெருமண்டபச் சுவரில் இன்றும் தொங்கும் வட்ட மேசைக்கு விட்டம் 18 அடி. எடை ஏறத்தாழ 1,200 கிலோ. ஓக் மரத்துண்டுகள் 121. ஆர்தருடையதே இது என்று பல தலைமுறைகள் நம்பின. 1976-இல் கீழே இறக்கி, மரத்தின் ஆண்டு வளையங்களையும் தச்சு முறையையும் ஆராய்ந்தபோது 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று தெளிவாயிற்று. ஆர்தர் கதைகளில் ஈடுபாடு மிகுந்த முதலாம் எட்வர்டு 1290-இல் அந்நகரில் நடத்திய வீரவிளையாட்டு விழாவுக்காகச் செய்யப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் மார்ட்டின் பிடில் கருத்து. இயந்திரம் இல்லாத அக்காலத்தில் கோடரியும் வாளும் உளியும் கொண்டு அறுத்து, துளைத்து, பொருத்தியவர்களை நினைத்தால் வியப்பே மேலிடுகிறது.

பிற்காலத்தில் அது சுவரேறியது. சுவரேறிய மேசைக்கு மேல், கீழ் வந்துவிடுகிறது. எட்டாம் ஹென்றி அதற்கு வண்ணம் தீட்டுவித்தபோது, உச்சியில் அரியணையில் ஆர்தரை அமர்த்தினர். அந்த முகத்தில் ஹென்றியின் சாயல் உண்டென்பர். நடுவில் அவர் குலச்சின்னமான ரோசா மலர். சுற்றிலும் 24 வீரரின் பெயர்கள். 1522-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் வந்தபோது ஹென்றி அதைப் பெருமையோடு காட்டினார். தச்சர் தலைப்பக்கம் இல்லாமல் செய்ததற்கு ஓவியர் ஒரு தலைப்பக்கத்தை உண்டாக்கிக் கொடுத்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை.

1789-இல் மீண்டும் தீட்டப்பட்ட அந்த வண்ணத்தைத்தான் இன்று காண்போர் நிமிர்ந்து பார்க்கிறார்கள். சுவரை நோக்கிய மறுபக்கத்தில் வண்ணம் இல்லை, பெயர்களும் இல்லை. ஒரு காலத்தில் மேசையைத் தாங்கி நின்ற 12 கால்கள் பொருந்திய துளைகள், வட்டத்தைச் சுற்றிலும், அங்கே இருக்கின்றன.