மானா: வினை பெயரான கதை

வங்கியில் உடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். பத்தாவது படிக்கிற அவர் பையன் கணினியில் ஏதோ யுத்த விளையாட்டில் மூழ்கியிருந்தான். திரையின் அடியில் ஒரு நீலக் கோடு. மந்திரவாதி கையை ஓங்கும்போதெல்லாம் கோடு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் அவன் செய்வதறியாமல் நின்றான். "மானா தீந்துபோச்சு அங்கிள்" என்றான் பையன். மானா என்றால் என்னப்பா என்று கேட்டேன். "மேஜிக் பண்றதுக்கு வேணுங்கிற பேலன்ஸ்." பன்னிரண்டு வருஷமாகப் பிறத்தியார் கணக்குகளில் இருப்புப் பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு உடனே விளங்கிவிட்டது. இத்தனை சுலபமாக விளங்கியதுதான் பிறகு உறுத்தியது. மந்திரம் ஒரு சேமிப்புக் கணக்கு என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அந்தச் சொல்லுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. பசிபிக் கடலின் மெலனீசியத் தீவுகளில் ஆங்கிலிகன் மிஷனரியாக இருந்த ராபர்ட் காட்ரிங்டன், அத்தீவுகளின் மொழிகளை முறையாகக் கற்றவர். அவருடைய கடிதமொன்றை 1878-ல் மாக்ஸ் முல்லர் தம் சொற்பொழிவில் எடுத்துக்காட்டியபோது 'மானா' ஐரோப்பிய அறிஞர்களின் கவனத்துக்கு வந்தது. 1891-ல் வெளியான 'மெலனீசியர்கள்' என்ற நூலில் காட்ரிங்டன் அதை விரிவாக வர்ணித்தார்: பௌதிகமல்லாத ஒரு சக்தி, எதன்மீதும் ஏறக்கூடியது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தக்கூடியது. அச்சொல் பெயராகவும் வினையாகவும் வழங்குகிறது என்பதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. பின்னால் வந்தவர்கள் பெயரை எடுத்துக்கொண்டு வினையைத் தீவிலேயே விட்டுவிட்டார்கள்.

1904-ல் ஹென்றி ஹூபேரும் மார்ஸெல் மோஸும் உலகத்து மந்திரங்கள் அனைத்துக்கும் பொதுவான அடிப்படையாக மானாவை நிறுத்தினார்கள். 1912-ல் துர்கைம் அதைச் சமயத்தின் வேரிலேயே கண்டார். மின்சாரத்தோடு ஒப்பிட்டவர்களும் உண்டு. மின்சாரம் வீடுகளுக்குள் வந்துகொண்டிருந்த காலத்தில் கண்ணுக்குத் தெரியாத எந்தச் சக்தியும் கம்பியில் ஓடுவதாகவே தோன்றியிருக்கும். 1950-ல் லெவி-ஸ்த்ராஸ், தன்னளவில் அர்த்தம் ஏதுமின்றி எந்த அர்த்தத்தையும் ஏற்கக் காத்திருக்கும் குறி என்று அதைச் சொன்னார். மெலனீசியர்களைப் பற்றியதைவிட மெலனீசியாவைப் படித்தவர்களைப் பற்றிய உண்மையாகவே எனக்கு இது படுகிறது.

தீவுக்காரர்களிடமே போய்க் கேட்டவர்கள் வேறு விடை பெற்றார்கள். டிகோபியாத் தீவில் விசாரித்த ரேமண்ட் ஃபர்த் 1940-ல் எழுதினார்: அம்மக்கள் தத்துவம் எதையும் சொல்லவில்லை, மழை பெய்ததை, மீன் அகப்பட்டதை, நோயாளி எழுந்து உட்கார்ந்ததைச் சுட்டிக்காட்டினார்கள். சாலமன் தீவுகளில் க்வாயோ மக்களிடையே நெடுங்காலம் ஆய்வு செய்த ரோஜர் கீஸிங் 1984-ல் முடிச்சை அவிழ்த்தார். ஓஷியானிய மொழிகளில் மானா அடிப்படையில் ஒரு வினை, நிலையைக் குறிக்கும் வினை. மருந்து 'மானா'கிறது, படகு 'மானா'கிறது. திரவமாக எங்கும் தேங்கி நிற்கும் ஒரு பொருள் அங்கே பொதுவாக இல்லை.

இதைப் படித்தபோது தமிழனுக்கு இதில் மர்மம் ஏதுமில்லை என்று தோன்றிற்று. நம்மிடம் 'பலித்தல்' இருக்கிறது. மருந்து பலித்தது, கனவு பலித்தது, அவள் வாக்கு பலித்தது என்கிறோம். பலிப்பு எத்தனை படி இருந்தது, இனி எவ்வளவு மிச்சம் என்று எந்தக் கிழவியும் கேட்டதில்லை. இரண்டு சொற்களும் ஒன்றென்று சாதிக்கவில்லை. 'சக்தி' என்று மொழிபெயர்த்துவிட்டு நகர்வதைவிட இது அருகில் வருகிறது என்கிறேன், அவ்வளவுதான்.

இனி ஃபேன்டஸி. அமெரிக்க எழுத்தாளர் லாரி நிவென் 1969-ல் எழுதிய ஒரு சிறுகதையில் மந்திரவாதி ஒருவன் ஓர் உலோகத் தட்டை மந்திரத்தால் சுழல விடுகிறான். வேகம் ஏறிக்கொண்டே போய்த் தட்டு உடைகிறது. அந்த இடத்தின் மானா அத்தோடு வறண்டுவிட்டது; மண்ணெண்ணெய் போல எரிந்து தீர்ந்துவிட்டது. இதே எண்ணத்தை விரித்து 1978-ல் ஒரு நூலும் வந்தது. 1973-ன் எண்ணெய் நெருக்கடியைப் பார்த்திருந்த வாசகனுக்கு அது புரியச் சிரமமிருந்திருக்காது. நிவெனைக் குறை சொல்லமாட்டேன். தீர்ந்துபோவதன் துக்கம் அவரிடம் இருக்கிறது. 1993-ல் வந்த 'மேஜிக்: த கேதரிங்' சீட்டாட்டத்திலோ துக்கமும் கழிந்துவிட்டது. நிலச்சீட்டு மானா தரும். ஒவ்வொரு மந்திரத்தின் மேல்மூலையிலும் அதன் விலை அச்சாகியிருக்கும்.

இங்கே ஒரு சொல் வாசகனை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். பெயர்ச்சொல் வந்ததும் 'எவ்வளவு' வருகிறது. எவ்வளவு வந்ததும் யாரிடம் அதிகம், என்ன விலை, எப்போது நிரம்பும் என்ற கேள்விகள் வருகின்றன. இது ஏன் பலிக்க வேண்டும், பலித்தால் யாருக்கு என்ன ஆகும் என்ற கேள்விகள் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. வாசகன் கதையை விட்டுவிட்டுக் கணக்கைத் தணிக்கை செய்கிறான்.

வேறு வழி இல்லாமலில்லை. ஜாக் வான்ஸின் 'சாகும் பூமி' 1950-ல் வந்தது. அதிலும் மந்திரத்துக்கு எல்லை உண்டு, ஆனால் பொருள் கிடையாது. மந்திரங்களுக்கு நீண்ட, ஜமீன்தார் தோரணையுள்ள பெயர்கள். மந்திரவாதி அவற்றைப் பிரயாசையோடு மூளையில் திணித்துக்கொள்கிறான், சொன்னதும் மறந்துபோகிறது. இவன் எதை மறந்தான் என்றுதான் அங்கே கேட்கத் தோன்றும். 1974-ல் 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு இந்த மறதியையும் பட்டியலாக்கிக்கொண்டது என்பது வேறு கதை.

உர்சுலா லெ குவின் மானிடவியலாளர் ஆல்ஃபிரெட் க்ரோபரின் மகள். மானா அவர் வீட்டு அலமாரியிலேயே கிடைத்திருக்கக்கூடிய சொல். 1968-ல் வெளியான 'ஏர்த்ஸீயின் மந்திரவாதி'யில் அவர் அந்தப் பக்கம் போகவில்லை. மந்திரப் பள்ளியின் ஆசான்களுக்குக் கூடப் பெயரிடுபவர், வாயில்காப்பவர் என்று சாதாரணச் சொற்களே. ஒரு கூழாங்கல்லை ரத்தினமாக்கக் கேட்கும் பையனிடம் ஆசான் சொல்வது இது: உண்மையாக மாற்ற அதன் உண்மைப் பெயரை மாற்ற வேண்டும், அது உலகத்தையே மாற்றுவது, விளையும் நன்மை தீமை தெரியாதவரை ஒரு மணலைக்கூடத் தொடாதே. இங்கே கட்டுப்பாடு இருப்பிலிருந்து வரவில்லை, பொறுப்பிலிருந்து வருகிறது. அந்தக் கதையின் பையன் செய்கிற தவறு நமக்கு வலிப்பது இதனால்தான்.

விளையாடுகிற பையனைச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்வது நியாயமில்லை. என் பழைய மதிப்புரைகளை எடுத்துப் பார்த்தேன். 'படிமச் செறிவு குறைவு', 'பிற்பகுதியில் கவித்துவம் வற்றிவிடுகிறது' என்று எழுதியிருக்கிறேன். என் கண் முன்னாலும் ஒரு நீலக் கோடு இருந்திருக்கிறது. கவிதை என்னிடம் பலித்ததா இல்லையா என்பதை நான் எங்கும் சொல்லவில்லை. அதைச் சொல்ல, அந்த வரி என்னை எந்த இடத்தில் தொட்டது என்று காட்டியிருக்க வேண்டும். டிகோபியாக்காரர்கள் மழையைக் காட்டிய மாதிரி.