நார்வா ஆற்றின் இரு கரைகள்: சோவியத்துக்குப் பிந்தைய எஸ்தோனியாவில் குடியுரிமையும் எல்லைப்புறச் சமூகமும்

ஆய்வுச் சுருக்கம்

1991இல் விடுதலையை மீட்ட எஸ்தோனியா, தன்னைப் புதிய அரசாக அன்றி, 1940இல் தடைப்பட்ட பழைய குடியரசின் தொடர்ச்சியாகவே அறிவித்துக்கொண்டது. இந்தச் சட்ட நிலைப்பாடு, சோவியத் காலத்தில் குடியேறியோரையும் அவர்தம் வழியினரையும் குடியுரிமைக்கு வெளியே நிறுத்தியது. ரஷ்ய எல்லையில் அமைந்த நார்வா நகரில் 1993ஆம் ஆண்டு எழுந்த தன்னாட்சிக் கோரிக்கை ஆயுத மோதலாக மாறாமல் தணிந்ததற்கான காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. அந்த அமைதிக்குத் துணைநின்ற உள்ளாட்சி வாக்குரிமை 2025இல் சுருக்கப்பட்டதன் பொருளையும் மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: எஸ்தோனியா, நார்வா, குடியுரிமை, நாடற்றோர், எல்லைப்புறம், சட்டத் தொடர்ச்சி

முன்னுரை

பொதுவுடைமை ஆட்சிகளின் வீழ்ச்சிக்குப் பின் தோன்றிய அரசுகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தலைநகரங்களையே மையமாகக் கொண்டுள்ளன. ஆட்சி மாற்றம், தனியார்மயம், தேர்தல் ஆகியன அங்கேதான் முடிவாயின. ஆனால், அம்முடிவுகளின் முழுச்சுமையையும் தாங்கியவை எல்லைப்புறங்களே. நேற்றுவரை ஒரே நாட்டின் உள்நிர்வாகக் கோடாக இருந்தது, மறுநாள் பன்னாட்டு எல்லையாயிற்று. கோட்டின் இரு பக்கமும் உறவினரைக் கொண்டிருந்த மக்கள், தாம் எந்நாட்டவர் என்னும் வினாவை வாழ்வில் முதன்முறையாக எதிர்கொண்டனர். இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்த இடங்களுள் நார்வாவும் ஒன்று.

நகரின் உருமாற்றம்

நார்வா ஆற்றின் மேற்குக் கரையில் நார்வாவும் கிழக்குக் கரையில் இவாங்கரோதும் எதிரெதிர்க் கோட்டைகளுடன் அமைந்துள்ளன. 1920ஆம் ஆண்டு பிப்ரவரி 2இல் கையெழுத்தான தர்த்து அமைதி உடன்படிக்கை இரு கரைகளையும் எஸ்தோனியாவுக்கே வழங்கியது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் சோவியத் நிர்வாகம் கிழக்குக் கரையை ரஷ்யக் குடியரசுடன் இணைத்தது. 1944ஆம் ஆண்டுப் போரில் பழைய நார்வா ஏறத்தாழ முற்றாக அழிந்தது. போருக்கு முன் அங்கு வாழ்ந்தோருள் பெரும்பான்மையினர் எஸ்தோனியர். இடம்பெயர்ந்த அவர்கள் திரும்பிவரப் பெரும்பாலும் இசைவு பெறவில்லை. நகரை மீளக் கட்டவும், கிரேன்ஹோம் துணியாலையை இயக்கவும், எண்ணெய்ப்பாறையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களில் பணிபுரியவும் ரஷ்யாவிலிருந்தும் பிற குடியரசுகளிலிருந்தும் தொழிலாளர் வந்து குடியேறினர்.

இதன் விளைவை மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் தெளிவாகக் காட்டுகின்றன. 1934இல் எஸ்தோனியாவின் மக்கள்தொகையில் 88 விழுக்காடாக இருந்த எஸ்தோனியர், 1989இல் 61.5 விழுக்காடாகக் குறைந்தனர். நார்வாவிலோ அவர்கள் இருபதில் ஒரு பங்குக்கும் குறைந்தனர். தம் நாட்டிலேயே சிறுபான்மையாகிவிடுவோமோ என்னும் எஸ்தோனியரின் அச்சம் இவ்வெண்களில் வேர்கொண்டது. வேலைக்காக அனுப்பப்பட்ட இடத்தில் வீடு கட்டி, பிள்ளை பெற்று, முதுமை எய்திய நார்வாத் தொழிலாளரோ, தம்மை எவர் நிலத்தையும் பறித்தவராகக் கருதவில்லை. பிற்காலச் சிக்கல்கள் இவ்விரு நினைவுகளின் மோதலிலிருந்தே கிளைத்தன.

சட்டத் தொடர்ச்சியும் குடியுரிமையும்

1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 20இல் விடுதலை மீட்கப்பட்டது. 1940ஆம் ஆண்டு இணைப்பு சட்டத்துக்குப் புறம்பான ஆக்கிரமிப்பு எனின், அதற்கு முந்தைய குடியரசு சட்டப்படி அழியவேயில்லை என்பது எஸ்தோனியத் தலைவர்களின் வாதம். இவ்வாதத்தின் தவிர்க்கவியலாத முடிவாக, 1938ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் 1992 பிப்ரவரியில் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 1940ஆம் ஆண்டு ஜூன் 16க்கு முன் குடிமக்களாயிருந்தோரும் அவர்தம் வழியினரும் தாமாகவே குடிமக்களாயினர். இவர்களுள் போருக்கு முன்பே அங்கு வாழ்ந்த ரஷ்யரும் அடங்குவர். ஆகவே, சட்டத்தின் அளவுகோல் இனமன்று, காலமே. ஆயினும் அக்காலக்கோடு இனக்கோட்டுடன் பேரளவு ஒத்துப்போனது. மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் குடியுரிமை வரையறுக்கப்படாதவராயினர்.

அவர்கள் குடியுரிமை பெறக் குறிப்பிட்ட காலம் வசித்திருப்பதோடு எஸ்தோனிய மொழித் தேர்விலும் தேற வேண்டியிருந்தது. தெருவிலும் ஆலையிலும் பள்ளியிலும் ரஷ்யமே வழங்கிய நார்வாவில் எஸ்தோனிய மொழியைக் கற்கும் சூழல் அரிது. 1992 ஜூனில் அரசமைப்பு மீதான பொதுவாக்கெடுப்பும் செப்டம்பரில் நாடாளுமன்றத் தேர்தலும் இவர்களின் வாக்கின்றியே நடந்தன. நாட்டின் அடிப்படை விதிகள் வகுக்கப்பட்ட வேளையில் எல்லைப்புறம் அதில் பங்குபெறவில்லை.

1993: நெருக்கடியும் தணிவும்

1993 ஜூன் 21இல் நாடாளுமன்றம் அயலார் சட்டத்தை நிறைவேற்றியது. குடியுரிமை இல்லாதோர் குறித்த காலத்துள் வதிவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என அது விதித்தது. தாம் வெளியேற்றப்படலாம் என்ற அச்சம் நார்வாவிலும் அண்டை நகரான சில்லமேவிலும் பரவியது. இரு நகரமன்றங்களும் தன்னாட்சி குறித்து ஜூலை 16, 17 நாள்களில் வாக்கெடுப்பு நடத்தின. நார்வாவில் தகுதியுடையோருள் பாதிக்குச் சற்று மேற்பட்டோரே வாக்களித்தனர். வாக்களித்தோருள் 97 விழுக்காட்டினர் ஆதரவு தெரிவித்தனர். கேட்கப்பட்டது எஸ்தோனியக் குடியரசுக்கு உட்பட்ட தன்னாட்சியே என்பது இங்குக் கருதத்தக்கது. ரஷ்யாவுடன் இணைவது வாக்கெடுப்பின் பொருளாகவே இல்லை.

இந்நெருக்கடி தணிந்ததற்கு நான்கு காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, அரசின் உள்ளேயே எழுந்த தயக்கம். குடியரசுத் தலைவர் லென்னார்ட் மெரி சட்டத்தில் உடனே கையெழுத்திடாமல், ஐரோப்பிய அவையின் வல்லுநர் கருத்தை நாடினார். அதன்பின் ஜூலை 8இல் திருத்தப்பட்ட வடிவம் நிறைவேறியது. இரண்டாவது, நடுவர் பணி. ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு மாநாட்டின் தேசியச் சிறுபான்மையினருக்கான உயர் ஆணையர் மாக்ஸ் வான் டெர் ஸ்டூல் தாலினுக்கும் நார்வாவுக்கும் இடையே பேசினார். வாக்கெடுப்பை வன்முறையால் தடுப்பதில்லை என அரசும், உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குக் கட்டுப்படுவதாக நகரத் தலைவர்களும் ஒப்பினர். ஆகஸ்டு 11இல் நீதிமன்றம் வாக்கெடுப்பு அரசமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. நகரம் அதனை ஏற்றது.

மூன்றாவது, ஆற்றின் மறுகரை. எஸ்தோனியா 1992 ஜூனில் குரோன் நாணயத்தை வெளியிட்டு, ஜெர்மன் மார்க்குக்கு எட்டுக் குரோன் என நிலைப்படுத்தியது. ரூபிளோ அந்நாள்களில் மதிப்பிழந்துகொண்டே சென்றது. பாலத்தைக் கடந்து சென்று மீளும் நார்வா மக்கள் இருபக்கச் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் தாமே ஒப்பிட்டறிந்தனர். நான்காவது, உள்ளாட்சி வாக்குரிமை. நிலையாக வசிக்கும் குடியுரிமையற்றோரும் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்க அரசமைப்பின் 156ஆம் பிரிவு இடமளித்தது. வேட்பாளராக நிற்கும் உரிமை குடிமக்களுக்கே உரியதாயினும், 1993 அக்டோபர் தேர்தலில் நகர நிர்வாகத்தைத் தெரிவு செய்வதில் அவர்கள் பங்குகொண்டனர்.

மால்தோவாவுடன் ஒப்பிடுகையில் இக்காரணங்களின் எடை விளங்கும். திரான்ஸ்னிஸ்திரியா 1990 செப்டம்பரில் தன்னைத் தனிக் குடியரசாக அறிவித்தது. 1992இல் போர் மூண்டபோது ரஷ்யாவின் 14ஆம் படை அதில் தலையிட்டது. அப்பிரிவினை இன்றும் தீரவில்லை. எஸ்தோனியாவிலும் 1994 ஆகஸ்டு 31 வரை ரஷ்யப் படைகள் இருந்தன. ஆனால் அவை நார்வாப் பூசலில் இறங்கவில்லை. தேசியமயமாகும் அரசு, தேசியச் சிறுபான்மை, வெளித் தாயகம் என்னும் ரோஜர்ஸ் புரூபேக்கரின் முக்கோண உறவு இரு நாடுகளுக்கும் பொருந்தும். ஆயினும் முடிவுகள் வேறுபட்டன. முக்கோணம் இருப்பது மட்டுமே மோதலை விளைவிப்பதில்லை. வெளித் தாயகத்தின் படை எவ்வாறு நடந்துகொண்டது, உள்நாட்டில் முறையிடுவதற்கு எத்தகைய வழிகள் இருந்தன என்பவையே முடிவைத் தீர்மானித்தன.

அமைதியின் விலை

மோதல் இல்லாமை, இணக்கம் நிலவியதைக் காட்டாது. 19ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட கிரேன்ஹோம் ஆலை, சோவியத் சந்தையை இழந்து, அயல்நாட்டு உரிமையாளரிடம் கைமாறி, 2010இல் நொடித்தது. 1989இல் 81,000 அளவிலிருந்த நகர மக்கள்தொகை 2021இல் 54,000 அளவுக்குச் சரிந்தது. குடியுரிமை வரையறுக்கப்படாதோர் சாம்பல்நிறக் கடவுச்சீட்டைப் பெற்றனர். மொழித் தேர்வில் தயங்கிய பலர் ரஷ்யக் குடியுரிமையை ஏற்றனர். ஒரே குடும்பத்தில் மூவகைக் கடவுச்சீட்டுகள் இருப்பது வியப்பன்று என்ற நிலை தோன்றியது. 1998ஆம் ஆண்டுத் திருத்தம் நாடற்ற பெற்றோரின் குழந்தைகளுக்கு எளிய வழி தந்தது. நாடற்றோர் தொகையும் படிப்படியே குறைந்தது. ஆனால், இம்மாற்றத்துக்கு ஒரு தலைமுறைக் காலம் ஆயிற்று.

2022இல் உக்ரைன் மீது ரஷ்யா முழுப்போர் தொடுத்தபின் எல்லையின் பொருளே மாறியது. அவ்வாண்டு ஆகஸ்டில் நார்வாவிலிருந்த டி-34 பீரங்கி வண்டி நினைவுச்சின்னம் அகற்றப்பட்டது. ஊர்திகள் ஓடிய பாலம் 2024 முதல் நடந்து செல்வோருக்கு மட்டுமே உரியதாயிற்று. அதுவும் இரவில் மூடப்படுகிறது. 2025 மார்ச்சில் நாடாளுமன்றம் 156ஆம் பிரிவைத் திருத்தி, ரஷ்ய, பெலாரஸ் குடிமக்களின் உள்ளாட்சி வாக்குரிமையை நீக்கியது. நாடற்றோர் அவ்வாண்டு அக்டோபர் தேர்தலில் மட்டும் இறுதியாக வாக்களிக்க இசைவு பெற்றனர்.

முடிவுரை

நாட்டைத் தாக்கக்கூடிய அரசின் குடிமக்கள் தன் ஆட்சியமைப்பில் பங்குகொள்ளலாகாது என்னும் வாதத்தை, 1940இன் நினைவுடைய ஒரு சிறிய நாடு முன்வைப்பது இயல்பே. ஆயினும், சட்டத் தொடர்ச்சிக் கொள்கை அரை நூற்றாண்டைச் செல்லாக் காலமாகக் கொண்டபோது, அக்காலத்தில் அமைந்த வாழ்வுகளும் ஐயத்துக்கு உள்ளாயின. அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்தது உள்ளாட்சி வாக்குரிமை. 1993இல் அமைதியைக் காத்த நான்கு காரணங்களுள் நடுவர் பணி முடிந்துவிட்டது. மறுகரையோ போர்புரியும் நாடாகிவிட்டது. வாக்குரிமையும் சுருங்கிய நிலையில், எஞ்சியிருப்பவை நீதிமன்றமும் அரசின் சொந்த நிதானமுமே. குடியுரிமை பெறாமலேயே முதுமை எய்திய நார்வாத் தலைமுறை, எஸ்தோனியாவைத் தம் நாடெனக் கொள்வதற்கு இவை போதுமானவையா என்பது வரும் ஆய்வுகள் கூர்ந்து நோக்க வேண்டிய வினாவாகும்.