முச்சக்கர மின்மிதிவண்டியின் நெடுவழி வரலாறு

கூடாரமும் உறக்கப் பையும் சமையல் அடுப்பும் ஏற்றிய முச்சக்கர மின்மிதிவண்டியில் நாடுவிட்டு நாடு செல்வதும், பனி உறையும் இரவுகளைத் திறந்தவெளியில் கழிப்பதும் இருபத்தோராம் நூற்றாண்டின் புதுமை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. மின்மிதிவண்டி என்பது மிதிப்பவரின் உழைப்புக்குச் சிறிய மின்மோட்டார் ஒன்று துணைசெய்யும் வண்டியாகும். ஆயினும் இப்பயணத்துக்கு வேண்டிய வண்டி, மின்விசை, கடுங்குளிரில் தங்கும் முறை ஆகிய மூன்றும் ஏறத்தாழ 1875-க்கும் 1900-க்கும் இடைப்பட்ட கால் நூற்றாண்டில், பெரும்பாலும் தனித்தனியே உருப்பெற்றவை. அவை ஒன்றுசேர நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பதும், அத்தாமதத்துக்கு வண்டியின் குறையைவிட மின்கலத்தின் குறையே பெருங்காரணம் என்பதும் வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்குப் புலனாகும்.

மிதிவண்டியின் வரலாற்றை எழுதியோரில் பலர், முச்சக்கர வண்டியை இருசக்கர வண்டிக்குச் செல்லும் வழியில் கைவிடப்பட்ட ஒரு படியாகவே காட்டிச் செல்கின்றனர். அது நேர்மையான மதிப்பீடு ஆகாது. 1870-களில் இங்கிலாந்தில் வழங்கிய இருசக்கர வண்டி, ஆள் உயரத்தை எட்டும் பெரிய முன்சக்கரத்தையும் மிகச் சிறிய பின்சக்கரத்தையும் கொண்டிருந்தது; முன்சக்கரத்தின் உச்சியில் அமர்ந்து செல்பவர், சாலையில் கிடக்கும் ஒரு கல்லில் வண்டி தட்டினாலும் தலைகுப்புற விழ நேர்ந்தது. அவ்வண்டி துணிச்சல் மிக்க இளைஞர்க்கே உரியதாக இருந்த நிலையில், கோவென்ட்ரி நகரத்துப் பொறிவினைஞரான ஜேம்ஸ் ஸ்டார்லி 1876 முதல் முச்சக்கர வண்டிகளை வடிவமைத்து, பெண்களும் முதியோரும் மருத்துவர்களும் சாலையில் இறங்க வழிசெய்தார். வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட நீண்ட தொலைவு உருள வேண்டியிருப்பதால், இரண்டும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டால் வண்டி இழுபடும். இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழலவும் இரண்டுக்கும் விசை சென்று சேரவும் இடந்தரும் வேற்றுமைப் பற்சக்கர அமைப்பை 1877-இல் ஸ்டார்லி மிதிவண்டிக்குப் பொருத்தினார். பின்னாளில் கார்களின் அச்சில் இடம்பெற்றதும் இதே கோட்பாடுதான். 1881-இல் விக்டோரியா அரசியார் ஸ்டார்லியின் வண்டிகள் இரண்டை வாங்கியதும், முச்சக்கர வண்டி உயர்குடியினரின் வண்டியாகவும் மதிப்புப் பெற்றது.

நெடுந்தொலைவுப் பயணம் என்னும் பழக்கத்தில் அவ்வண்டிக்கு இருந்த இடத்துக்குச் சான்று ஒரு சங்கத்தின் பெயரிலேயே உள்ளது. 1878-இல் ஹாரோகேட் நகரில் இருசக்கர வண்டியினரின் பயணச் சங்கமாகத் தொடங்கிய அமைப்பு, முச்சக்கர வண்டியினரையும் சேர்த்துக்கொள்ளும்பொருட்டு 1883-இல் மிதிவண்டிப் பயணிகள் சங்கம் எனப் பெயரை மாற்றிக்கொண்டது. அமெரிக்க ஓவியர் ஜோசஃப் பென்னலும் அவர் மனைவியும் எழுத்தாளருமான எலிசபெத்தும் 1884-இல் இருவர் அமரும் முச்சக்கர வண்டியில் லண்டனிலிருந்து கேன்டர்பரிக்கும், பிறகு இத்தாலியில் ஃபுளோரன்சிலிருந்து ரோமுக்கும் சென்று, கணவர் வரைந்த படங்களோடு மனைவி எழுதிய நூல்களாக அப்பயணங்களை வெளியிட்டனர். வேகத்திலும் முச்சக்கர வண்டி அத்தனை பின்தங்கியதாக இல்லை. 1886-ஆம் ஆண்டுக் கோடையில் ஜி. பி. மில்ஸ் என்னும் இளைஞர், பிரிட்டனின் தென்மேற்குக் கோடியிலிருந்து வடகிழக்குக் கோடிவரை ஏறத்தாழ 1,400 கிலோமீட்டரை, உயர்சக்கர வண்டியில் 5 நாள் 1 மணி 45 நிமிடத்திலும், சில வாரங்கள் கழித்து முச்சக்கர வண்டியில் 5 நாள் 10 மணி நேரத்திலும் கடந்தார். ஐந்து நாள் ஓட்டத்தில் வேறுபாடு ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவு.

ஜேம்ஸின் உறவினரான ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-இல் கொணர்ந்த, இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒத்த அளவில் அமைந்த பாதுகாப்பான இருசக்கர வண்டியும், 1888-இல் ஜான் டன்லப் உருவாக்கிய காற்றடைத்த டயரும் சேர்ந்து முச்சக்கர வண்டியைப் பத்தாண்டுகளில் ஓரங்கட்டின. எடை மிகுதி, வாசலில் நுழையாத அகலம், குண்டும் குழியுமான சாலையில் மூன்று தடங்களையும் பார்த்து ஓட்ட வேண்டிய சங்கடம் ஆகியவை அதற்கு எதிராக நின்றன. எனினும் இம்மாற்றத்தில் இழந்தது ஒன்று உண்டு. இருசக்கர வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் நிமிர்ந்து நிற்கும். சுமையேற்றி மேட்டில் மிதிக்கும்போது வேகம் நடைவேகத்துக்குக் கீழே குறைந்தால் தள்ளாடும், ஈரப்பனியில் சறுக்கும். முச்சக்கர வண்டிக்கு நிலைநிற்க வேகம் தேவையில்லை. ஏற்றத்தின் நடுவே நிறுத்தி மூச்சு வாங்கலாம். எவ்வளவு தாழ்ந்த கியரிலும் எவ்வளவு மெதுவாகவும் ஏறலாம். சுமையும் மேடும் பனியும் சேர்ந்த பாதையில் இவ்வியல்பே பயணத்தைத் தீர்மானிக்கிறது என்பதைப் பின்வந்த நூற்றாண்டு மெல்லவே மீட்டறிந்தது.

மின்விசையும் முதலில் ஏறியமர்ந்தது முச்சக்கர வண்டியில்தான். காஸ்டன் பிளாண்டே 1859-இல் உருவாக்கிய ஈய-அமிலச் சேமிப்பு மின்கலம், தீர்ந்தபின் மீண்டும் மின்னேற்றத்தக்க முதல் மின்கலமாகும். பாரிஸ் நகரத்துக் கருவியமைப்பாளர் குஸ்தாவ் துரூவே, ஸ்டார்லியின் கோவென்ட்ரி முச்சக்கர வண்டி ஒன்றில் இத்தகைய மின்கலங்களையும் சிறு மோட்டார்களையும் பொருத்தி, 1881 ஏப்ரல் 19 அன்று வலுவா தெருவில் ஓட்டிக் காட்டினார். ஓட்டுநரோடு சேர்த்து 160 கிலோ எடையிருந்த அவ்வண்டி மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. காப்புரிமை கிடைக்காமற்போகவே துரூவே தம் மோட்டாரைப் படகில் பொருத்தி, அடுத்த மாதமே செய்ன் ஆற்றில் செலுத்தினார். மறு ஆண்டில் லண்டனில் வில்லியம் அயர்ட்டன், ஜான் பெரி என்னும் பேராசிரியர் இருவர், மின்விளக்கும் கொண்ட முச்சக்கர வண்டியொன்றை அமைத்தனர். ஆனால் 1865-ஆம் ஆண்டுச் சட்டம், தானே இயங்கும் எவ்வண்டியும் ஊருக்கு வெளியே மணிக்கு 4 மைலுக்கும் ஊருக்குள் 2 மைலுக்கும் மேல் செல்லலாகாது என்று விதித்திருந்தமையால், பிரிட்டனில் அத்தகைய வண்டிகளுக்குச் சாலையே அடைபட்டிருந்தது. 1896-இல்தான் அத்தடை தளர்ந்தது.

சட்டம் தளர்ந்திருந்தாலும் நெடும்பயணம் அன்று கைகூடியிராது. ஈய மின்கலம் ஒரு கிலோ எடைக்கு 30 முதல் 40 வாட்மணி ஆற்றலையே தாங்கும், அதுவும் இன்றைய வளர்ச்சி நிலையில். வாட்மணி என்பது ஒரு வாட் திறனை ஒரு மணி நேரம் வழங்கும் ஆற்றலின் அளவு. நூறு கிலோமீட்டர் மின்துணையோடு செல்ல ஓராயிரம் வாட்மணி வேண்டும் என்று கொண்டால், முப்பது கிலோ ஈயத்தைச் சுமந்தாக வேண்டும். அச்சுமையை இழுக்கவே மீண்டும் ஆற்றல் செலவாகும். துரூவேயின் வண்டி நகரத் தெருவைத் தாண்டாமற்போனதற்கு இக்கணக்கே காரணம்.

குளிரில் தங்கும் கலை வேறொரு திசையில் வளர்ந்தது. லண்டனில் தையற்கலைஞராக இருந்த தாமஸ் ஹைராம் ஹோல்டிங், தம் தொழிலறிவைக் கொண்டே எடை குறைந்த கூடாரங்களை வெட்டித் தைத்து, 1897-இல் மகனோடும் நண்பர்களோடும் அயர்லாந்தின் கொன்னமாரா பகுதியில் மிதிவண்டியில் சுற்றி முகாமிட்டார். அதுவரை முகாம் என்பது படைவீரரும் வேட்டையாடுவோரும் பணியாட்களோடும் வண்டிகளோடும் செய்ததாக இருந்தது. மிதிப்பவரே தம் வீட்டைச் சுமந்து செல்லும் வழக்கத்துக்கு அப்பயணமும் அதைப்பற்றி அவர் எழுதிய நூலும் அடிகோலின. 1901-இல் அவர் முனைப்பில் மிதிவண்டி முகாமினர் சங்கம் உருவாயிற்று. தென்துருவம் நோக்கிச் சென்ற ராபர்ட் ஃபால்கன் ஸ்காட் 1909-இல் முகாமினர் கழகத்தின் தலைவராக இருந்தார் என்பது, கோடைக்கால முகாமும் துருவ முகாமும் ஒன்றையொன்று அறியத் தொடங்கியதைக் காட்டுகிறது.

துருவ முகாமின் நுட்பங்களை வகுத்தவர்களுள் தலையாயவர் நார்வேயின் ஃப்ரிட்யோஃப் நான்சன். 1888-இல் ஐவரோடு கிரீன்லாந்தின் பனிப்பரப்பைப் பனிச்சறுக்குக் கட்டைகளில் கடந்தபோது, மூவர் ஒருங்கே படுக்கும் மான்தோல் உறக்கப் பைகளை அவர் பயன்படுத்தினார். அவர் பெயரால் வழங்கும் அடுக்குச் சமையற்கலம், உணவுப் பாத்திரத்தைச் சுற்றி மேலெழும் வெப்பம் வீணாகாமல் வெளிப்பாத்திரத்துப் பனியை உருக்கும்படி அமைந்தது. உறைநிலத்தில் நீர் என்பது எரிபொருளைச் செலவிட்டுப் பெறும் பொருள் என்பதால் அவ்வமைப்பு உயிர்காக்கும் சிக்கனமாயிற்று. 1892-இல் ஸ்டாக்ஹோமின் லிண்ட்க்விஸ்ட் மண்ணெண்ணெயைக் காற்றழுத்தத்தால் ஆவியாக்கிப் புகையின்றி எரிக்கும் பிரைமஸ் அடுப்பைக் கொணர்ந்ததும், நான்சன் அதைத் தம் அடுத்த பயணத்தில் ஏற்றுக்கொண்டார். கேஸ் அடுப்பு வருமுன் தமிழ்நாட்டு வீடுகளில் சீறிக்கொண்டிருந்த பம்ப் ஸ்டவ் இதன் வழிவந்ததே.

ஆயினும் குளிரைக்காட்டிலும் ஈரமே பெரும்பகை என்பதை 1895-இல் நான்சனும் யால்மர் யோஹன்சனும் வடதுருவம் நோக்கிச் சென்றபோது தம் உடலில் உணர்ந்தனர். பகலில் உழைத்து வெளியேறிய வியர்வை உடையிலேயே உறைந்து இரும்புக் கவசம்போல் இறுகியது. நான்சனின் சட்டைக்கையின் விளிம்பு அவ்வாறு இறுகி மணிக்கட்டை அறுத்துப் புண்ணாக்கிற்று. இரவில் உறக்கப் பைக்குள் உடற்சூட்டால் அப்பனி உருகி, நனைந்த துணிகளோடே அவர்கள் நடுங்கிக் கிடக்க நேர்ந்தது. 1911-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அன்டார்க்டிக்காவின் இருளில் ஸ்காட்டின் குழுவினரான வில்சன், பௌவர்ஸ், செர்ரி-கேரார்ட் ஆகிய மூவர் சென்றபோது வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் 60 செல்சியஸைத் தொட்டது. அவர்கள் மூச்சின் ஈரமும் வியர்வையும் உறைந்து சேர்ந்தமையால் உறக்கப் பைகள் நாளுக்கு நாள் கனத்தன. வியர்க்காத அளவில் உழைப்பது, ஈரத்தை உறக்கப் பைக்குள் புகவிடாமல் தடுப்பது ஆகிய இன்றைய விதிகள் இத்துன்பங்களிலிருந்து பிறந்தவை. மோட்டாரின் துணை குளிர்காலப் பயணியின் சோம்பலுக்கு என்று நினைப்போர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்: ஏற்றத்தில் உடல் வியர்க்காமல் காப்பது அங்கே உயிரைக் காப்பதாகும்.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியை இவ்வரலாறு விரைந்தே கடக்கலாம். சாய்ந்தமர்ந்து கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் வண்டிகளை ஷார்ல் மோஷே பிரான்சில் உருவாக்கினார். அவற்றிலொன்று 1933-இல் ஒரு மணி நேர ஓட்டச் சாதனையை முறியடித்ததும், பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் 1934-இல் அவ்வகையைப் போட்டிகளிலிருந்து விலக்கிற்று. 1985 ஜனவரி 10 அன்று, பனி விழுந்து கிடந்த லண்டனில், கிளைவ் சின்க்ளேர் 399 பவுன் விலையில் சி5 என்னும் முச்சக்கர மின்வண்டியை அறிமுகம் செய்தார். தரையோடு ஒட்டிய திறந்த இருக்கை, 250 வாட் மோட்டார், ஈய மின்கலம் ஆகியவற்றோடு வந்த அவ்வண்டி, குளிரில் ஆற்றல் குன்றும் மின்கலத்தையும் குளிர்காற்றுக்கு மறைப்பற்ற ஓட்டுநரையும் ஒரே நாளில் உலகுக்குக் காட்டிவிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே உற்பத்தி நின்றது. நூறாண்டு கழித்தும் துரூவேயின் தடையே சின்க்ளேரையும் தடுத்தது என்று கூறுவது மிகையாகாது. அக்காலத்தை ஒட்டி இங்கிலாந்தில் பீட்டர் ராஸும், சற்றுப் பின்னர் ஆஸ்திரேலியாவில் இயன் சிம்ஸும், முன்னே இரண்டும் பின்னே ஒன்றுமாகச் சக்கரம் கொண்டு தலைப்பிரட்டை வகை எனப்படும் சாய்விருக்கை வண்டிகளை மோட்டாரின்றியே பயணத்துக்கென அமைத்தனர். அவற்றின் வழியாகவே முச்சக்கர வண்டி நெடுஞ்சாலைக்குத் திரும்பிற்று.

விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ ஆகியோரின் ஆய்வுகளால் உருவாகி 1991-இல் சோனி நிறுவனத்தால் சந்தைக்கு வந்த லித்தியம்-அயனி மின்கலம், ஒரு கிலோவுக்கு ஈயத்தைப்போல் நான்கைந்து மடங்கு ஆற்றலைத் தாங்கும் நிலையை எட்டியதும் பழைய கணக்கு மாறிற்று. இருப்பினும் குளிர் அதையும் விடவில்லை. உறைநிலையில் மின்கலத்தினுள் அயனிகளின் ஓட்டம் மந்தமாவதால் கிடைக்கும் ஆற்றல் குறைகிறது. சுழியத்துக்குக் கீழே மின்னேற்றினால் லித்தியம் உலோகப் படிவாக மின்முனைமேல் படிந்து கலத்தை நிலையாகக் கெடுத்துவிடும். ஆகவே குளிர்காலப் பயணி மாலையில் முகாமிட்டவுடன் மின்கலத்தைக் கழற்றிக் கூடாரத்துக்குள் கொண்டுவருகிறார். கடுங்குளிரில் உறக்கப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார். அது வெதுவெதுப்பான பின்னரே மின்னேற்றுகிறார்.

சட்டமும் இம்முறை துணைநின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் வகுத்த விதிப்படி, 250 வாட்டுக்கு மிகாத மோட்டார் மிதிக்கும்போது மட்டும் இயங்கி மணிக்கு 25 கிலோமீட்டரில் நின்றுவிடுமானால், அவ்வண்டி மோட்டார் வாகன அனுமதி விதிகளிலிருந்து விலக்குப் பெற்றது. நார்வேயின் 1957-ஆம் ஆண்டுத் திறந்தவெளி வாழ்வுச் சட்டம், பயிரிடப்படாத நிலத்தில், குடியிருப்புக்கு 150 மீட்டருக்கு அப்பால், எவரும் கேளாமலே இரண்டு இரவுகள்வரை கூடாரமிடலாம் என்னும் பழைய வழக்குரிமைக்கு எழுத்துவடிவம் தந்திருந்தது. விடுதிகள் அரிதாகவே உள்ள வடநாட்டில் நெடும்பயணம் இயல்வதற்கு இவ்வுரிமை மோட்டாரைவிட இன்றியமையாதது.

மூன்று சக்கரங்களின் வலிமையை மோட்டாரின்றியே மெய்ப்பித்தவர் வேல்ஸ் நாட்டு மரியா லெய்யர்ஸ்டாம். அன்டார்க்டிக்காவின் கடும் எதிர்காற்றையும் செங்குத்தான பனியாற்று ஏற்றத்தையும் கருதி, கார்ன்வாலில் செய்யப்பட்ட அகன்ற டயர்கொண்ட சாய்விருக்கை முச்சக்கர வண்டியைத் தேர்ந்த அவர், 2013 டிசம்பர் 27 அன்று, பத்து நாளும் சில மணி நேரமும் மிதித்துத் தென்துருவத்தை அடைந்தார். கண்டத்தின் விளிம்பிலிருந்து மிதிவண்டியில் அங்குச் சேர்ந்த முதல் மனிதர் அவரே. அதே பருவத்தில் இருசக்கர வண்டிகளோடு வேறு வழியில் புறப்பட்ட இருவர் அதன் பின்னரே துருவத்தை எட்டினர். அவ்வாண்டுதான், பிரான்சின் ஃபுளோரியான் பெய்லி தொடங்கிய சன் டிரிப் என்னும் சூரிய மின்மிதிவண்டிப் பயணம், ஷம்பேரி நகரிலிருந்து கஜகஸ்தானின் அஸ்தானாவரை முதன்முதலாக நடந்தது. 2018-இல் அது லியோனிலிருந்து சீனத்தின் குவாங்சௌவரை நீண்டது. சூரியத் தகட்டைக் கூரையாக ஏற்றக் கூடியதும் நிலைநிற்கக் கூடியதுமான முச்சக்கர வண்டிகளைப் பலர் அவற்றில் பயன்படுத்தினர்.

குளிர்காலப் பயணிக்குச் சூரியத் தகடு அவ்வளவாக உதவுவதில்லை. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே கோடையில் மறையாத கதிரவன், நடுக்குளிர்காலத்தில் எழுவதே இல்லை. ஆகவே அங்கே ஒரு நாள் பயணத்தின் அளவை வகுப்பது, மின்னேற்ற வசதியுள்ள ஒரு முகாமிடத்துக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட தொலைவு. மின்னேற்றம் கிடைக்கும் இடங்களை வரைபடத்தில் குறித்து, அவ்விடைவெளி மின்கலத்தின் குளிர்கால அளவுக்குள் அடங்குகிறதா என்று பார்த்த பின்னரே வழி முடிவாகிறது. அடங்காத இடங்களில் மோட்டாரை நிறுத்திவிட்டுத் தாழ்ந்த கியரில், நடப்பவரின் வேகத்தில் மிதித்துச் செல்கின்றனர்.