சீனப் புகைக்குழாயின் அடியில் என்ன எழுதியிருக்கிறது?



சின்ன தண்ணீர்க் கூஜா போன்ற அடிப்பாகம், கொக்கின் கழுத்தாக நீண்டு வளைந்த குழாய், வெள்ளி போன்ற நிறம். பழம்பொருள் கடையில் இப்படி ஒன்றைப் பார்த்தால், அது பெரும்பாலும் சீனத்து நீர்ப் புகைக்குழாய்தான். நம் ஊர் ஹூக்கா போலவே புகை தண்ணீர் வழியாக வரும். ஆனால் கையில் பிடித்துக்கொள்ளும் அளவுதான். "மிங் காலத்துச் சாமான், அறுநூறு வருஷப் பழசு" என்று கடைக்காரர் விலை சொன்னால், பர்ஸைத் திறக்கும் முன் அதைக் கவிழ்த்துப் பாருங்கள்.

முதலில் உலோகம். வெள்ளி போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் வெள்ளி அல்ல. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த இதைச் சீனர்கள் 'பைத்தோங்', அதாவது வெள்ளைச் செம்பு என்றார்கள். இதைப் போலவே செய்ய முயன்று 1820களில் ஜெர்மனியில் உருவாக்கியதுதான், நாம் நவராத்திரிக்கு வைத்துக் கொடுக்கும் குங்குமச் சிமிழின் ஜெர்மன் சில்வர்.

அடுத்து முத்திரை. எழுத்துகளை மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அதில் இருப்பது பெரும்பாலும் செய்தவரின் பெயர் அல்ல, கடையின் பெயர். 'ஹாவ்' அல்லது 'ஜி' என்று முடிந்தால் கடை. 'ட்ஸாவ்' என்றால் 'செய்தது' என்று பொருள். கைபேசியின் மொழிபெயர்ப்புக் கேமரா ஓரளவு உதவும். பழைய முத்திரை எழுத்து வடிவம் என்றால் அது திணறும்.

சில பொருட்களில் மன்னரின் ஆட்சிப் பெயர் இருக்கும். இங்கேதான் கவனம் தேவை. பழைய மன்னர் பெயரைப் புதுப் பொருளில் பொறிப்பது சீனாவில் நெடுநாள் வழக்கம். வெண்கலச் சாமான்களில் அதிகம் காணப்படும் 'சுவாந்தே' என்ற பெயர் 1426 முதல் 1435 வரையிலான ஆட்சியைக் குறிக்கும். புகையிலையோ அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பஸ் அங்கே போனதே 1492இல். சீனாவுக்கு அது வந்தது 16ஆம் நூற்றாண்டின் கடைசி வாக்கில். அப்படியானால் சுவாந்தே காலத்துப் புகைக்குழாய் எப்படி இருக்க முடியும்?

பக்கவாட்டில் படமும் கவிதையும் செதுக்கி, ஆண்டும் போட்டிருப்பார்கள். நம் பிரபவ, விபவ போலச் சீனர்களுக்கும் அறுபது ஆண்டுச் சுழற்சி உண்டு. 'ஜியாட்ஸி' என்றிருந்தால் அது 1864ஆகவும் இருக்கலாம், 1924ஆகவும் இருக்கலாம். விற்பவர் எப்போதும் பழையதைத்தான் சொல்வார்!

ஆங்கிலத்தில் 'சைனா' என்று பொறித்திருந்தால், பெரும்பாலும் 1891க்குப் பிறகு ஏற்றுமதிக்குச் செய்தது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் போட வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் அந்த ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது.

ஏற்கெனவே உங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறதா? தயவுசெய்து புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிடாதீர்கள். தேய்ந்துபோன முத்திரையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மெல்லிய துணியால் துடைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அது நூறு வருஷப் பொருளாகவே இருக்கட்டுமே. உண்மையான நூறு, பொய்யான அறுநூறை விட மேல்.