காரி முதல் மரகதம் வரை

திருப்புட்குழியில் பிறந்து, பாலுசெட்டி சத்திரத்தில் நெடுஞ்சாலை ஓரமாக நம்பர் பிளேட்டும் பெயரும் எழுதிக் குடும்பம் நடத்தியவன் நான். வண்டி எடுத்தவர்கள் பூஜை போட்ட சந்தனம் காயும் முன்பே என்னிடம் வந்துவிடுவார்கள். "அண்ணா, டூம்ல பொண்ணு பேரு எழுதிடுங்க" என்பார் ஒருவர். அம்மா பெயரைச் சொல்லிவிட்டு, எழுத்து காயும்வரை நகராமல் நிற்பார் இன்னொருவர். இந்தப் பழக்கம் மோட்டார் வண்டியோடு வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தமிழன் தன்னைச் சுமந்ததற்குப் பெயர் வைத்த வரலாறு அதைவிட மிகப் பழையது.

சிறுபாணாற்றுப்படையைப் புரட்டினால் அது தெரியும். கடையெழு வள்ளல்களைப் பாடும் இடத்தில் இரண்டு குதிரைகள் பெயரோடு வருகின்றன. திருக்கோவிலூர்ப் பக்கத்து மலையமான் காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். அவனோடு போரிட்ட கொல்லிமலை ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். ஏறியவனுக்கும் சுமந்ததற்கும் ஒரே பெயர்! இருவரையும் பிரித்துப் பார்க்கப் புலவனுக்கு மனம் வரவில்லை. செஞ்சிக்கோட்டைத் தேசிங்கு 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்டான். அவன் கதையைப் பாடிய நாட்டார் பாடகர்களும் பாராசாரி, நீலவேணி என்று குதிரைகளைப் பெயர் சொல்லித்தான் அழைத்தார்கள். ராஜாக்களின் குதிரைகளுக்குக் கிடைத்த அந்த மரியாதை குடியானவன் வீட்டு மாட்டுக்கும் கிடைத்தது. செவலை, மயிலை, காரி என்று நிறத்தைக் கொண்டே கூப்பிட்டாலும், ஏர் பிடித்தவன் குரலுக்கு அந்தந்த மாடுதான் திரும்பும்.

நமக்காக உழைத்த உயிருக்கு மரியாதை செய்யும் விஷயத்தில் எங்கள் ஊருக்குத் தனி உரிமை உண்டு. சீதையைக் காக்க ராவணனோடு போரிட்டு விழுந்த ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் என்பது திருப்புட்குழியின் தலபுராணம். தசரதனுக்குச் செய்ய முடியாமல் போன கடனை ஒரு கழுகுக்குச் செய்தான் என்றால், அதைத் தந்தையாக ஏற்றான் என்று பொருள். கோயிலுக்கு முன்னால் ஜடாயு தீர்த்தம் இருக்கிறது. அதன் கரையில் ஜடாயுவுக்குத் தனிச் சன்னதியும் இருக்கிறது. உள்ளே விஜயராகவப் பெருமாள், மரகதவல்லித் தாயார். திருமங்கையாழ்வார் பாடிய தலம். ராமானுஜர் இளமையில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டதும் இங்கேதான் என்பார்கள். வேதாந்த தேசிகர் இந்தப் பெருமாள் மீது பரமார்த்த ஸ்துதி இயற்றினார்.

இதே கோயிலில் மூட்டுகள் அசையும் மரக்குதிரை வாகனம் ஒன்று உண்டு. பெருமாள் அதில் எழுந்தருளும்போது நிஜக் குதிரை நடப்பதுபோல இருக்கும். அதைச் செய்த தச்சர், வேறு யார் கேட்டும் அதுபோல இன்னொன்று செய்துதர மறுத்து உயிரையே விட்டார் என்று ஊரில் சொல்வார்கள். அவர் நினைவாகத் திருவிழாவின் எட்டாம் நாள் பெருமாள் அவர் தெருவுக்கு எழுந்தருள்வது வழக்கம். சுமக்கும் வாகனத்துக்கும் அதைச் செய்த கைக்கும் சாமியே மரியாதை செய்கிற ஊரில் வளர்ந்தவர்கள், தங்கள் வண்டியை வெறும் இரும்பு என்று எப்படி நினைப்பார்கள்?

சென்னைத் திருவொற்றியூரில் 1950களில் புல்லட் தயாரிக்கத் தொடங்கினார்கள். இந்திய ராணுவம் 350 சி.சி. புல்லட்டுகள் வேண்டுமென்று கேட்டதுதான் அதற்குத் தூண்டுதல். பெட்ரோல் டேங்கில் ஓடும் தங்கக் கோட்டை அங்கே கையால்தான் இழுத்தார்கள். ஒரே மூச்சில், பிசிறில்லாமல், வளைவு மாறாமல் வரும் அந்தக் கோட்டை எழுத்துத் தொழிலில் இருந்த நாங்கள் பக்தியோடு பார்ப்போம். பஜாஜ் கம்பெனி 1972இல் தன் ஸ்கூட்டருக்கு ராணா பிரதாப்பின் குதிரை சேத்தக்கின் பெயரை வைத்தது. ஹல்திகாட்டிப் போரில், 1576இல், காயம்பட்ட காலோடு எஜமானனைக் காப்பாற்றிவிட்டு விழுந்த குதிரை அது. ஓசூரிலிருந்து 1980இல் டி.வி.எஸ். 50 வந்தது. சைக்கிளில் போய்க்கொண்டிருந்த தறிக்காரர்களும் பால்காரர்களும் முதல்முறையாக மோட்டார் வண்டிக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள்.

கம்பெனி வைத்த பெயர் எல்லா வண்டிக்கும் பொது. வீட்டுக்காரர் வைக்கும் பெயர் ஒரே ஒரு வண்டிக்கு. பழைய புல்லட்டுக்கு அந்தப் பெயர் வந்தே தீரும். கிக்கரை மெல்ல மிதித்து, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை டீகம்ப்ரஷரைப் பிடித்து, பிறகு ஒரே உதை. சரியாக உதைக்கத் தெரியாவிட்டால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். வலப்பக்கம் கியர், இடப்பக்கம் பிரேக். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சுபாவம். அது பழகினவர் காலுக்கு மட்டுமே கட்டுப்படும். அப்படிப்பட்டதை எண்ணைச் சொல்லியா கூப்பிட முடியும்? எங்கள் பக்கத்தில் கருப்பன், ராசா, செவலை என்று மாட்டுக்கு இருந்த பெயர்கள் அப்படியே புல்லட்டுக்கு இறங்கின.

ஒரு தறிக்காரர் தம் டி.வி.எஸ். 50க்குத் தாயார் பெயரால் மரகதம் என்று எழுதச் சொன்னார். நெசவாளர் சங்கத்தில் பட்டும் ஜரிகையும் வாங்கிவர மரகதம், நெய்த சேலையைத் துணியில் சுற்றிக் காஞ்சிபுரம் கொண்டுபோக மரகதம். "மரகதம் வாசல்ல இருக்கா?" என்று அந்த வீட்டில் கேட்பதை நானே கேட்டிருக்கிறேன். ஆயுத பூஜையன்று தறிக்கும் மரகதத்துக்கும் ஒரே தட்டிலிருந்து சந்தனம் குங்குமம் வைப்பார்கள். குடும்பத்தின் சோற்றைச் சம்பாதித்துத் தரும் இரண்டும் சமம் என்பது அவர் மனைவியின் தீர்மானம்.

என் தொழிலும் இந்தப் பெயர்களோடு சேர்ந்தே வளர்ந்தது. அணில் முடி பிரஷ், எனாமல் பெயிண்ட், சாக்பீஸில் தட்டிய நூல்கோடு. கறுப்பில் மஞ்சள் எழுத்து, அதற்குச் சிவப்பு ஷேடு. டூமில் எழுதினால் எதிரே வருபவர் படிப்பார். பின் மட்கார்டில் எழுதினால் பின்னால் வருபவர் படிப்பார். டேங்கில் எழுதினால் ஓட்டுபவர் மட்டும் படிப்பார். டேங்கில் எழுதச் சொன்னவர்கள்தான் அந்தப் பெயரை வாய்விட்டுக் கூப்பிடுகிறவர்கள். பிறகு ரேடியம் ஸ்டிக்கர் வந்தது. அதைக் கத்தியால் வெட்டக் கற்றுக்கொண்டோம். கம்ப்யூட்டர் கட்டிங் வந்தபோது கையெழுத்தின் தனி வளைவு போயிற்று. 2019 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளுக்குக் கம்பெனியே உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட் தருகிறது. பிளேட்டில் எண்ணைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது என்ற சட்டம் நியாயமானது. வண்டியை அடையாளம் காண அது வேண்டும். ஆனால் பிளேட்டுக்காக வந்து, பேச்சுவாக்கில் பெயரும் எழுதிக்கொண்டு போனவர்கள் அதோடு நின்றுவிட்டார்கள்.

உலகெங்கும் இந்த மனசு இருந்திருக்கிறது. அரேபியப் பாலைவனத்தில் போரிட்ட டி.இ. லாரன்ஸ் தம் பிரஃப் சுப்பீரியர் வண்டிகளை ஜார்ஜ் என்று வரிசையாக அழைத்தார். ஏழாம் ஜார்ஜில் போகும்போதுதான் 1935இல் விபத்தில் சிக்கி இறந்தார். சே குவேரா 1952இல் நண்பர் ஆல்பர்ட்டோ கிரனாடோவோடு தென்னமெரிக்கா சுற்றப் புறப்பட்ட பழைய நார்ட்டனுக்கு, வலிமை மிக்கவள் என்னும் பொருளில், லா பொதெரோசா என்று பெயர். பெயருக்கேற்ற வலிமை அந்த வண்டிக்கு இல்லை. சிலியில் நின்றே போனது. ஆனாலும் அது பெயரோடு நினைவில் நிற்கிறது.

ராஜஸ்தானில், பாலியிலிருந்து ஜோத்பூர் போகும் சாலையில், ஒரு புல்லட்டுக்குக் கோயிலே இருக்கிறது. 1988இல் அங்கே விபத்தில் இறந்த ஓம் பன்னாவின் வண்டி. காவல் நிலையத்துக்குக் கொண்டுபோன வண்டி மறுநாள் விபத்து நடந்த இடத்திலேயே நின்றது என்று மக்கள் நம்புகிறார்கள். இன்று அது புல்லட் பாபா. வழிப்போக்கர்கள் இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள். ஹல்திகாட்டி அருகே சேத்தக்குக்குச் சமாதி இருக்கிறது. எங்கள் ஊரில் ஜடாயுவுக்குச் சன்னதி இருக்கிறது. மூன்றுக்கும் காரணம் ஒன்றே. நமக்காக உழைத்ததை, நம்மோடு விழுந்ததைப் பெயரில்லாமல் போகவிட மனிதனுக்கு மனம் வருவதில்லை. வண்டிக்குப் பெயர் வைப்பதை விளையாட்டு என்று சிரிப்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அதுதான்.

இப்போது எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும், ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலைகள் நடக்கின்றன. புது வண்டிகள் எங்கள் நெடுஞ்சாலையில் லாரி லாரியாகப் போகின்றன. வாங்கும் பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றுண்டு. எடுத்த அன்றே பெயர் வைக்காதீர்கள். ஒரு மழைக்காலம் அதோடு பழகுங்கள். எப்போது முனகும், எப்போது மக்கர் செய்யும், எந்த அவசரத்தில் உங்களைக் கைவிடாமல் கொண்டுசேர்த்தது என்று தெரிந்தபின் பெயர் வையுங்கள். அப்போது வாயில் வருவதுதான் அதன் பெயர். என்றாவது விற்க நேர்ந்தால் வாங்குகிறவரிடம் அந்தப் பெயரையும் சொல்லிக் கொடுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண்ணுக்கும் சேஸிஸ் எண்ணுக்கும் இடம் உண்டு, வண்டியின் பெயருக்கு இல்லை. அதைச் சொல்ல வேண்டியவர் ஓட்டியவர்தான்.