செவிலியியல் முனைவர் பட்டங்கள் (ஐக்கிய அமெரிக்கா)

செவிலியியல் முனைவர் பட்டம் என்பது செவிலியியல் துறையில் வழங்கப்படும் மிக உயர்ந்த கல்விப் பட்டம் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இது பெரும்பாலும் இரு வகைகளில் வழங்கப்படுகின்றது. ஒன்று ஆய்வை மையமாகக் கொண்ட பிஎச்.டி. பட்டம், மற்றது நோயாளர் பராமரிப்புப் பணியை மையமாகக் கொண்ட டி.என்.பி. பட்டம். இவை நோக்கத்தில் வேறுபடுகின்றனவே அன்றி, ஒன்று மற்றதற்கு முற்படி அன்று.

வரலாறு

தொடக்கத்தில் முனைவர் பட்டம் பெற விரும்பிய செவிலியர் பலர் கல்வியியல் போன்ற பிற துறைகளிலேயே பயின்றனர். முதல் டி.என்.பி. பாடத்திட்டத்தைக் கென்டக்கிப் பல்கலைக்கழகம் 2001 இல் தொடங்கியது. உயர்நிலைச் செவிலியப் பணிக்கான கல்வித்தகுதியை 2015 ஆம் ஆண்டுக்குள் முதுநிலைப் பட்டத்திலிருந்து டி.என்.பி. பட்டத்துக்கு உயர்த்தவேண்டும் என அமெரிக்கச் செவிலியக் கல்லூரிகள் சங்கம் 2004 இல் பரிந்துரைத்தது. இவ்விலக்கு முழுமையாக எட்டப்படவில்லை. எனினும், மயக்க மருந்துச் செவிலியப் படிப்பில் 2022 முதல் சேர்வோர் முனைவர் நிலைப் பாடத்திட்டத்திலேயே சேரவேண்டும்.

வேறுபாடுகள்

பிஎச்.டி. மாணவர் புதிய அறிவை உருவாக்கப் பயில்கிறார். ஆய்வு முறைகள், புள்ளியியல், கோட்பாடுகள் ஆகியவற்றைக் கற்று, இறுதியில் ஆய்வேடு ஒன்றைச் சமர்ப்பிக்கிறார். டி.என்.பி. மாணவர் ஏற்கனவே நிறுவப்பட்ட அறிவை மருத்துவமனையில் நடைமுறைப்படுத்தப் பயில்கிறார். இளநிலைப் பட்டத்துக்குப் பின் குறைந்தது 1,000 மணிநேரப் பணிப்பயிற்சி இதற்குரிய அளவாக 2006 இல் வகுக்கப்பட்டது. இறுதியில் இவர் ஒரு செயற்றிட்டத்தை நிறைவேற்றுகிறார்.

எடுத்துக்காட்டாக, படுக்கைப்புண் எவ்வாறு உருவாகின்றது, அதைத் தடுக்கும் புதிய முறை பயன் தருமா என ஆராய்வது பிஎச்.டி. வழி. பயன் தருமென்று அறியப்பட்ட முறையை ஒரு நோயாளர் கூடத்தில் கொண்டுவந்து, புண்கள் குறைந்தனவா என அளந்து பார்ப்பது டி.என்.பி. வழி.

தேர்வு

நோயாளர் பராமரிப்பிலோ மருத்துவமனை நிர்வாகத்திலோ தொடர விரும்புவோருக்கு டி.என்.பி. பொருந்தும். ஆய்வாளராக விரும்புவோருக்குப் பிஎச்.டி. பொருந்தும். ஆசிரியப் பணியை நாடுவோர் கூடுதல் கவனம் கொள்ளவேண்டும். இரு பட்டதாரிகளும் கற்பிக்கலாம் எனினும், ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நிரந்தரப் பேராசிரியர் பதவிக்குப் பிஎச்.டி. எதிர்பார்க்கப்படுகின்றது. பிஎச்.டி. மாணவர்க்கு உதவித்தொகை கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. டி.என்.பி. மாணவர் பலர் பணியில் இருந்தவாறே சொந்தச் செலவில் பயில்கின்றனர்.

விளைவுகள்

இன்று டி.என்.பி. பயில்வோர் தொகை பிஎச்.டி. பயில்வோர் தொகையைவிடப் பன்மடங்கு அதிகம். நடைமுறைப்படுத்துவோர் பெருகினாலும், நடைமுறைப்படுத்துவதற்கான அறிவை உருவாக்குவோர் குறைந்துவிடுவர் என்ற கவலை இத்துறையினரிடையே உள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

செவிலியர்
முனைவர் பட்டம்